சகலைக்கு ஒரு வியாழக்கிழமை

அட்டவணைக்காரருக்குள் பொறாமை என்று ஒன்று இருப்பது அந்த வருஷம் வரை யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்பதுதான் வேடிக்கை. பொறாமைப்பட வேண்டிய அவசியமே வராமல் பாதி ஆயுளை ஓட்டிவிட்ட அதிர்ஷ்டசாலி அவர். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த வியாதி திடீரென்று வந்தால் தாங்காது.

தொலைக்காட்சி நிலையத்தில் அவருடைய வேலை, எந்த நிகழ்ச்சி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வது. மூன்றாவது மாடியில் தனி அறை. ஒரு சுவர் முழுக்க இரும்புப் பலகை, அதில் கிழமையும் நேரமும் கட்டம் கட்டமாக. காந்தம் ஒட்டிய சில்லுகள் அந்தக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். தொடருக்கு நீலம், பாட்டுக்கு மஞ்சள், செய்திக்குச் சாம்பல். ஒரு நீலச் சில்லை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்கு நகர்த்தினால் ஊரே சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று அவர் நம்பினார். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

அப்போதெல்லாம் புது நிகழ்ச்சிகள் வருஷத்துக்கு ஒரே ஒரு முறைதான் வரும். விடுமுறை முடிந்து, ஊர் சுற்றப் போனவர்கள் வீடு திரும்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் செட்டிலான பிறகு, ஒரு குறிப்பிட்ட வாரத்தில் எல்லாச் சேனல்களும் தங்கள் புதுச்சரக்கை ஒன்றாக இறக்கும். மீதி வருஷமெல்லாம் அதுவே ஓடும். தீர்ந்துபோனால் மறு ஒளிபரப்பு. அந்த வாரம் நெருங்க நெருங்க அட்டவணைக்காரர் ராஜாதான். தயாரிப்பாளர்கள் அவர் அறை வாசலில் தவம் கிடப்பார்கள். அவர் டீ குடிக்கக் கீழே இறங்கினால் கூடவே நாலு பேருக்குத் தாகம் எடுக்கும்.

அதைவிடப் பெரிய ராஜாங்கம் மாமனார் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பெண்களும் இரண்டு மாப்பிள்ளைகளும் அங்கே சாப்பிடக் கூடுவது வழக்கம். மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். நிலத்தை அளந்து முடித்த பிறகு மனிதர்களை அளக்க ஆரம்பித்தவர். பெரிய மாப்பிள்ளை எப்போதும் அவர் அளவுகோலுக்கு மேலே நின்றார், காரணம் ஒன்றே ஒன்றுதான். வரப்போகிற நிகழ்ச்சிகள் என்னவென்று ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாப்பிள்ளை. அந்த டாக்டரம்மா கதை திரும்ப வருதா இல்லையா?" என்று மாமனார் குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"வெளியில சொல்லக் கூடாது மாமா."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மாமியார் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார். அடுத்த வருஷம் வரை அந்த மரியாதை தாங்கும்.

இதையெல்லாம் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர் சின்ன மாப்பிள்ளை, அட்டவணைக்காரரின் சகலை. உள்ளூர் சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையில் ஓடுமே, தண்ணீர்த் தொட்டி விளம்பரம், அந்த மாதிரிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். அட்டவணைக்காரர் மனசுக்குள் அவருக்குத் தொட்டி என்று பெயர் வைத்திருந்தார். சகலையைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ரொம்பவே பிடிக்கும். நமக்கு ஒரு படி கீழே நிற்கிறவர்களை நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அப்புறம் நிலையத்துக்குப் புதிதாக வந்த நிகழ்ச்சித் தலைவி ஒரு நாள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "இனிமே சீசன்கிறதெல்லாம் கிடையாது. வருஷம் முழுக்கப் புது நிகழ்ச்சி. எது எப்போ ரெடியோ அது அப்போ. வாசல் எப்பவும் திறந்தே இருக்கும்."

அட்டவணைக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "மேடம், ஜனங்க புதுசுக்காகக் காத்திருக்கற வாரம்னு ஒண்ணு இருக்கு."

"ஜனங்க கையில ஃபோன் இருக்கு சார். அவங்க எதுக்கும் காத்திருக்கறதில்ல. ஒரு வாரம்தான் புதுசு பாப்பாங்கன்னு யார் எழுதி வச்சது?"

எழுதி வைத்தது அட்டவணைக்காரர்தான். அதை அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார் தலைவி. ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் பார்ப்போம், ஆட்கள் பார்க்கவில்லை என்றால் தூக்கிவிடுவோம், பின்னால் அடுத்தது காத்திருக்கும். முன்பு அப்படி இல்லை. சீசனில் இறங்கியது நல்லதோ கெட்டதோ வருஷம் முழுக்க ஓடிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டவணைக்காரர் மாமனார் வீட்டில் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, சோபாவில் சாய்ந்து, கேள்விக்காகக் காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. அவரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த மாசம் ஒரு புதுக்கதை வருது" என்று தூண்டில் போட்டார்.

"இப்பத்தான் வாரத்துக்கு ஒண்ணு வருதே மாப்பிள்ளை, வரும்போது பாத்துக்கறோம்" என்றார் மாமியார், துவைக்காத ஒரு சட்டையைப் பார்ப்பது போலத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே.

ஆறிப்போன காபி மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. அது போதாதென்று அன்றைக்குத்தான் சகலை வாயைத் திறந்தார்.

"அண்ணா, உங்க சேனல்ல என் கதையை எடுத்துட்டாங்க."

"எந்தக் கதை?"

"லிஃப்ட் கதை. ஒரு பெரிய கட்டடம். தினமும் யாராவது ரெண்டு பேர் லிஃப்ட்டுல மாட்டிக்குவாங்க. மெக்கானிக் குரல் மட்டும் ஃபோன்ல வரும். வெளிய வர்றதுக்குள்ள அவங்க வாழ்க்கையெல்லாம் வெளிய வந்துடும். 'நடுமாடி'ன்னு பேர் வச்சிருக்கேன். உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்னு நினைச்சேன். ஆனா சகலை மூலமா வந்தேன்னு யாரும் பேசிடக் கூடாதுன்னு, நேரா அந்த மேடத்தைப் பாத்துட்டேன்."

வருஷம் முழுக்க நிகழ்ச்சி வேண்டும் என்றால் சேனலுக்குத் தீனி நிறைய வேண்டும். வாசல் திறந்தே இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பழைய காலமாக இருந்தால் சகலையின் கதை அட்டவணைக்காரரின் மேஜையைத் தாண்டாமல் போக முடியாது. இப்போது அந்த மேஜையை யாரும் சீந்தவில்லை.

மாமனார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நம்ம வீட்டுல ஒரு டைரக்டர்!" என்றார். மாமியார் சின்ன மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அட்டவணைக்காரரும் எழுந்து சகலையின் கையைக் குலுக்கினார், சிரித்தார், முதுகில் தட்டினார். வயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக அவர் தொலைக்காட்சியில்தான் குப்பை கொட்டுகிறார். ஒரு நாளாவது இந்த மாமனார் 'நம்ம வீட்டுல ஒரு' என்று ஆரம்பித்து ஏதாவது சொல்லியிருப்பாரா? என்னவென்று சொல்வார், நம்ம வீட்டுல ஒரு அட்டவணை என்றா?

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கேள்விகளெல்லாம் சகலைக்கே போயின. லிஃப்ட்டை எங்கே செய்தீர்கள், உள்ளே கேமரா எப்படி நின்றது, அதில் நடிக்கிற மூக்குக்கண்ணாடிப் பெண் நேரில் எப்படி இருப்பாள். தொட்டிக்குள் கேமராவை விட்டுப் பழகியவருக்கு லிஃப்ட் ஒரு பெரிய காரியமா என்று அட்டவணைக்காரர் ஒரு நாள் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். சகலைதான் அதிகம் சிரித்தார். "அதேதான் அண்ணா! அதுலதான் கத்துக்கிட்டேன்" என்றார். குத்தினால் வலிக்காத ஆளை என்ன செய்வது?

முதல் பத்து அத்தியாயங்கள் பார்வைக்கு வந்தன. அட்டவணைக்காரர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மோசமாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு போட்டுப் பார்த்தார். மூன்றாவது அத்தியாயத்தில், பல வருஷமாகப் பேசாத இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு, யார் முதலில் பேசுவது என்று வீம்பு பிடிக்கிறார்கள். அட்டவணைக்காரர் தன்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டார். நன்றாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் கையில் இன்னும் ஓர் அதிகாரம் மிச்சம் இருந்தது. எதை எடுப்பது என்பது தலைவியின் கையில் போய்விட்டது. எங்கே போடுவது என்பது இன்னும் அவரிடம்தான்.

அலுவலகத்தில் பள்ளம் என்று ஒரு வாரத்துக்குப் பெயர். எதிர்ச்சேனலில் வருஷா வருஷம், விளம்பரம்கூடத் தேவைப்படாத ஒரு பாட்டுப்போட்டி நடக்கும். நாலே நாள்தான், அந்த வாரத்து வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஞாயிறு வரை ஓடும். அந்த நாட்களில் ஊரில் தெருவெல்லாம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் மற்ற சேனல்களில் எதைப் போட்டாலும் காற்றுதான் வாங்கும். அதனால் பழைய படங்களைப் போட்டு ஒப்பேற்றுவார்கள். தப்பித்தவறி எதையாவது புதிதாக இறக்கினால் அது எழுந்ததே இல்லை.

அட்டவணைக்காரர் 'நடுமாடி' என்று எழுதிய நீலச் சில்லை எடுத்து, அந்த வாரத்து வியாழக்கிழமை ஒன்பது மணிக் கட்டத்தில் ஒட்டினார், அன்று தொடங்கித் தினமும் அதே நேரத்துக்கு. அதற்கு முன்னால் எட்டரை மணிக்கு முட்டிவலிக்கு ஒரு டாக்டர் பதில் சொல்லும் நிகழ்ச்சி. அதைப் பார்ப்பவர்கள் ஒன்பது மணிக்குத் தூங்கப் போய்விடுவார்கள். கிணற்றில் தள்ளி, மேலே ஒரு கல்லையும் வைத்தாயிற்று. சில்லு பலகையில் ஒட்டியபோது எழுந்த அந்த டக் என்ற சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது.

தலைவி வந்து பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இது அந்தப் பள்ளம் வாரமில்ல?"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, கெட்ட வாரம்னு ஒண்ணு கிடையாது, வாசல் எப்பவும் திறந்திருக்கும்னு. அதை நிரூபிக்கறதுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?"

முகத்தில் ஒரு ரோமம்கூட அசையாமல் சொன்னார். தன்னுடைய வார்த்தையையே தன்னிடம் திருப்பிச் சொல்கிற ஊழியரைப் பிடிக்காத அதிகாரி உண்டா? தலைவி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வழக்கமாக அட்டவணைக்காரர் எந்தச் சில்லை ஒட்டுவதற்கு முன்னாலும் எதிர்ச்சேனலில் இதே வேலை பார்க்கிறவருக்கு ஒரு ஃபோன் போடுவார். எதிரிகள்தான், ஆனாலும் ஒரே தொழில். சும்மா உடம்பு எப்படி, வெயில் எப்படி என்று பேசுகிற சாக்கில் ஒருவர் வாயை ஒருவர் கிளறிப் பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை போடவில்லை. கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்பார். நினைப்பு குரலில் தெரிந்துவிடும் என்று கூச்சமாக இருந்தது. அதோடு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சூரியன் உதிக்குமா என்று யாராவது ஃபோன் போட்டுக் கேட்பார்களா?

அன்று சாயங்காலம் சகலை அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அட்டவணைக்காரரின் மனைவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு எப்போது பல் பிடுங்குவது என்று நேரம் ஒதுக்குவது அவள் வேலை. புருஷனின் தொழில் அவளுக்கும் அத்துப்படி.

"எந்த வாரம் அண்ணா போட்டிருக்கீங்க?" என்றார் சகலை.

அட்டவணைக்காரர் சொன்னார்.

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அந்த வாரமா?" என்றாள் மனைவி.

"ஆமா, அந்த வாரம்தான்."

அவள் கணவனை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் குனிந்து அடுத்த சட்டையை எடுத்து உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

"நல்ல இடமா அண்ணா?" என்று சகலை கேட்டார். "விளம்பர வேலையெல்லாம் விட்டுட்டேன். மூணு வாரத்துல தூக்கிட்டாங்கன்னா மறுபடியும் அந்தப் பக்கம் போய் நிக்க முடியாது. வீட்டுல அவகிட்டகூட இதைச் சொல்லல."

"உனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்கேன்பா" என்றார் அட்டவணைக்காரர். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

அந்த வியாழக்கிழமை குடும்பம் முழுக்க மாமனார் வீட்டில் கூடியது. முட்டிவலி டாக்டர் பேசி முடிக்கும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. சகலை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துப் பிடித்து இறக்கினாள். ஒன்பது மணிக்கு லிஃப்ட் கதவு திரையில் மூடியது. மாமனார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவளை வேலையை விட்டுத் தூக்கிய முதலாளியும் மாட்டிக்கொண்ட கதை. மாமியார் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

விளம்பர இடைவேளையில் அட்டவணைக்காரர் ரிமோட்டை எடுத்தார். "எதிர்ப்பக்கம் என்ன ஓடுதுன்னு சும்மா பாக்கலாம், தொழில் பழக்கம்" என்றார். பாட்டுப்போட்டியின் ஆரவாரமும், தேம்பி அழும் போட்டியாளர்களும், லட்சக்கணக்கான கண்களும் அங்கே இருக்கும். அதை ஒரு நிமிஷம் எல்லாரும் பார்த்தால் போதும், அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ச்சேனலில் கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் குதிரையில் போனான். போய்க்கொண்டே இருந்தான். அட்டவணைக்காரர் அடுத்த சேனலுக்குப் போனார். அங்கே போன வருஷத்துச் சிரிப்பு நிகழ்ச்சி. அதற்கடுத்ததில் சமையல். மறுபடியும் எதிர்ச்சேனலுக்கே வந்து பார்த்தார், குதிரை இன்னும் போய்க்கொண்டிருந்தது.

எதிர்ச்சேனலும் சீசனை விட்டுவிட்டது. பாட்டுப்போட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வருஷத்தின் மறுமுனையில் வைத்துவிட்டது. அதைச் சத்தம் போடாமல் செய்திருந்தது. மற்ற சேனல்களோ, பழக்கதோஷத்தில், பாட்டுப்போட்டிக்குப் பயந்து அந்த வாரத்தில் பழையதைப் போட்டு ஒதுங்கியிருந்தன. ஊரில் ஒவ்வொரு அட்டவணைக்காரரும், இல்லாத ஒரு புலிக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாலு நாள் அது. அந்த நாலு நாளும் புதிது என்று ஒன்றே ஒன்று இருந்தது. அது ஒரு லிஃப்ட்.

"திருப்புங்க மாப்பிள்ளை, ஆரம்பிச்சிருக்கும்" என்றார் மாமனார். அவர் திருப்பினார்.

மறுநாள், பார்த்தவர்களின் எண்ணிக்கை வந்தபோது நிலையத்தில் ஆளாளுக்கு இனிப்பு வாங்கி வந்தார்கள். முட்டிவலிக்காரர்கள்கூடத் தூங்கப் போகாமல் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தலைவி மாடிப்படியில் நிறுத்தி வைத்து, "நான்கூடத் தயங்கினேன் சார். நீங்கதான் பிடிவாதமா நின்னீங்க. புது முறையை முழுசாப் புரிஞ்சுகிட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்றார். எதிர்ச்சேனல் அட்டவணைக்காரர் அவராகவே ஃபோன் செய்து, "எப்படிய்யா மோப்பம் பிடிச்சே? எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்குத் தெரியாது" என்று கேட்டார். இருவரிடமும் நம் அட்டவணைக்காரர் சிரித்தார். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சகலையைப் பேட்டி எடுத்தார்கள். எல்லாப் பேட்டியிலும் அவர் மறக்காமல் சொன்னார்: "எனக்கு ஒரு அண்ணன் இருக்கார். யாரும் தொடப் பயந்த நேரத்தை எனக்காகத் தேடி எடுத்துக் குடுத்தார்." பாராட்டு என்றால் குளிர வேண்டும். அட்டவணைக்காரருக்கு அது ஒவ்வொரு முறையும் சூடு வைத்த மாதிரி இருந்தது. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது, ஆனால் ஏணியைப் புகழ்வது போலப் புகழ்ந்தது. ஏறி உட்கார்ந்திருந்தவர் தொட்டி.

மூன்றாவது வாரம் தாண்டி, நிகழ்ச்சி நிலைத்துவிட்டது என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் பெரிதாகச் சாப்பாடு போட்டார். எல்லாரும் உட்கார்ந்ததும், தான் ஒன்று பேசப்போவதாகச் சொல்லி எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத மனிதர். நேராகப் பெரிய மாப்பிள்ளையின் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டைரக்டர் டைரக்டர்னு நான் சின்ன மாப்பிள்ளையைத் தலையில தூக்கி வச்சு ஆடினேன். உங்களை ஒரு வார்த்தை கேக்கல. அதை மனசுல வச்சுக்காம, உங்க பேரையே பணயம் வச்சு அவருக்கு ஒரு நேரம் குடுத்தீங்க பாருங்க. எனக்கு மகன் இல்லைங்கற குறை இன்னையோட தீர்ந்துச்சு."

மாமியார் மூக்கை உறிஞ்சினார். கொழுந்தியாள் எழுந்து வந்து, "அத்தான், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். அட்டவணைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கை தன் கையைப் பிடிக்க வேண்டும் என்றுதானே இத்தனை எரிச்சலும். பிடித்தாயிற்று. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தாயிற்று. பாதித் தட்டுக்கு மேல் சோறு இறங்கவில்லை.

"அண்ணா, அடுத்த கதை எழுத ஆரம்பிச்சுட்டேன்" என்றார் சகலை. "இந்தத் தடவை எந்த வாரம்னு நான் கேக்கவே மாட்டேன். நீங்க எங்க போட்டாலும் சரி. நடுராத்திரியில போட்டாலும் அதுல ஒரு அர்த்தம் இருக்கும்."

"சரிப்பா" என்றார் அவர்.

வெயில் சாய்ந்த நேரத்தில் கணவனும் மனைவியும் காரில் வீடு திரும்பினார்கள். கடைவீதி நெரிசலில் வண்டி ஊர்ந்தது. "அப்பா யார்கிட்டயும் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள்.

"குத்திக் காட்டாதே. உனக்குத் தெரியும்."

"தெரியும். பள்ளம்னு தெரிஞ்சேதான் போட்டீங்க."

அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தார். "அப்பவே தெரிஞ்சிருக்கு. அன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை, வேண்டாங்கன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொல்லல."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனக்கும் எரிஞ்சுதுங்க. அவ என் பழைய கவுனைப் போட்டுகிட்டு வளர்ந்தவ. நான் டிவிக்காரர் பொண்டாட்டி, அவ தொட்டிக்காரர் பொண்டாட்டி. அதுல எனக்கு ஒரு சுகம் இருந்துச்சு. அம்மா அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதப்போ நான் சமையல்கட்டுக்குப் போய் நின்னுட்டேன். நீங்க அந்த வாரம்னு சொன்னதும் உள்ளுக்குள்ள, நல்லா வேணும்னு ஒரு குரல் கேட்டுச்சு. என் குரல்தான். அதான் துணியை மடிச்சுகிட்டே இருந்தேன்."

தான் மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாளும் கூனிக் குறுகிக்கொண்டிருந்தவர் ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினார். அவள் மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அவள் மேல் இப்படி ஒரு பிரியம் வந்து ரொம்ப வருஷமாகியிருந்தது.

"இப்ப போயிடுச்சா?" என்று கேட்டார்.

"எங்க போச்சு? இன்னைக்கு அவ புது வாட்ச் கட்டியிருந்தா, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த கண்ணீர் மட்டும் இல்லை.

"ஆனா ஒண்ணுங்க. அப்பா உங்க கையைப் பிடிச்சாரே, அது நமக்கு வந்திருக்க வேண்டிய சந்தோஷம். நல்லா இருக்கட்டும்னு நினைச்சு அதே வியாழக்கிழமையில போட்டிருந்தா, இன்னைக்கு நாம ரெண்டு பேரும் வயிறு நிறைய சாப்பிட்டிருப்போம். நீங்க பாதித் தட்டை வச்சுட்டு எழுந்தீங்க. நான் அதுகூடச் சாப்பிடல."

கடைவீதி முடிந்து சாலை அகலமானது.

"அடுத்த கதையை எங்க போடப் போறீங்க?"

"சத்தியமா தெரியல" என்றார். "முன்னாடின்னா நல்ல வாரம், கெட்ட வாரம்னு கண்ணை மூடிகிட்டுச் சொல்லுவேன். இப்ப எது மேடு எது பள்ளம்னே புரியல. அதுவும் இந்த எரிச்சலை உள்ள வச்சுகிட்டு நல்ல இடமா எப்படித் தேடறது?"

"எரிஞ்சா எரியட்டும், எரிஞ்சுகிட்டே தேடுங்க" என்றாள் அவள். "கெட்ட இடத்தை அவ்வளவு அக்கறையா தேடினவர்தானே நீங்க?"